ஆளுநர் ஹெப்சேஃபாவும் கெர்மாவின் மண்மேடும்: ரைஸ்னரை மறுபடி படித்தபோது

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. கரும்பாறையில் செதுக்கியது, உட்கார்ந்த நிலை, உயரம் சுமார் 172 செ.மீ. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாத மாதிரி அவ்வளவு நேர்த்தி. பெயர் சென்னுவி. கி.மு. 20ஆம் நூற்றாண்டு, எகிப்தின் 12ஆம் வம்சக் காலம். நடு எகிப்தில் அஸ்யூத் என்ற மாகாணத்தின் தலைவராக இருந்தவரின் மனைவி. நான் பாஸ்டன் போனதில்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தச் சிலை எனக்கு ஒரு பழைய கடனை ஞாபகப்படுத்தும்.

சில வருஷங்களுக்கு முன்னால் இதே குறிப்புகளில் நூபியா பற்றி எழுதும்போது, "கெர்மா நகரத்தை எகிப்திய ஆளுநர் ஒருவர் ஆண்டார், அங்கேயே இறந்து உள்ளூர் முறைப்படி புதைக்கப்பட்டார்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்தது. ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். "தம்பி, அந்த ஆளுக்கும் அந்தக் குழிக்கும் நடுவுல இருநூறு வருஷத்துக்கு மேல இருக்கு. எடுத்த இடத்தைப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அந்த வரியை நீக்கினேனே தவிர, மூலத்தைப் படிக்கவில்லை. இந்த வருஷம்தான் படித்தேன். ஜார்ஜ் ரைஸ்னர் 1923இல் ஹார்வர்டு வெளியீடாகக் கொண்டுவந்த கெர்மா அகழாய்வு அறிக்கை. இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். நூறு வருஷப் பழைய அறிக்கையை இப்ப எதுக்கு விமர்சிக்கணும்னு கேட்கலாம். அதில் இருக்கும் தப்பு இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. நானே ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்பியிருக்கிறேன்.

முதலில் இடம். சூடானின் வடக்கே, நைல் நதியின் மூன்றாம் பாறைத்தடுப்புக்குச் சற்றுத் தெற்கே கெர்மா. கி.மு. 2500 வாக்கில் தொடங்கி கி.மு. 1500 வாக்கில் எகிப்தின் முதலாம் துத்மோஸ் படையெடுத்து வரும்வரை, ஆயிரம் வருஷம் நீடித்த ஒரு ராஜ்ஜியத்தின் தலைநகர். எகிப்தியர்கள் குஷ் என்று குறிப்பிட்டது இந்த நாட்டைத்தான். நகரத்தின் நடுவில் இன்றைக்கும் சுமார் 18 மீட்டர் உயரத்துக்கு ஒரு பச்சைச் செங்கல் மலை நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைத் தெஃபுஃபா என்கிறார்கள். மூன்று நான்கு கிலோமீட்டர் கிழக்கே பெரிய இடுகாடு. அங்கே 30,000க்கு மேல் புதைகுழிகள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. அதன் தெற்கு முனையில் ராட்சச வட்ட மண்மேடுகள், ஒவ்வொன்றும் 90 மீட்டர் அளவு விட்டம்.

ரைஸ்னர் இங்கே 1913 முதல் 1916 வரை தோண்டினார். அந்த மேடுகளில் கே 3 என்று அவர் எண்ணிட்டதில்தான் சென்னுவியின் சிலையும், அவள் கணவர் ஹெப்சேஃபாவின் சிலைத் துண்டும் கிடைத்தன. (இப்போது ஜெஃபாய்ஹாப்பி என்று வாசிக்கிறார்கள். ரைஸ்னரோடு வாதாடுவதால் அவர் எழுதிய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.)

அவர் வாதம் இப்படிப் போகிறது. ஈமச் சிலை என்பது இறந்தவருக்காகச் செய்வது. கணவன் மனைவி இருவர் சிலையும் இந்த மேட்டில் கிடைக்கின்றன. ஆகவே மேடு ஹெப்சேஃபாவுடையது. அவர் எகிப்தியப் பெரிய அதிகாரி. ஆகவே கெர்மாவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டவர். கெர்மாவில் கிடைத்த ஒரு கல்வெட்டு அமெனெம்ஹத்தின் மதில்கள் என்ற இடத்தில் நடந்த செங்கல் வேலையைச் சொல்கிறது. ஆகவே அது இந்த ஊரின் பெயர். தெஃபுஃபா எகிப்தியர்கள் கட்டிய கோட்டை, வியாபாரச் சாவடி. அடுக்கி வைத்த மாதிரி வருகிறது, இல்லையா? முதல் தடவை படிக்கும்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

இடிக்கும் இடங்கள் எல்லாம் அவருடைய புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. அதுதான் ஆச்சரியம்.

ஹெப்சேஃபாவுக்கு அஸ்யூத்தில் கல்லறை இருக்கிறது. சின்னதும் இல்லை. மலையைக் குடைந்து செய்தது, அந்தக் காலத்தில் அரசர் அல்லாதவர்களுக்கு வெட்டப்பட்டவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதன் சுவரில் பூசாரிகளோடு அவர் செய்துகொண்ட பத்து ஒப்பந்தங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தான் இறந்த பிறகு எந்த நாளில் யார் எத்தனை ரொட்டி, எத்தனை பீர் படைக்க வேண்டும், அதற்குக் கூலியாக எந்த நிலத்தின் வரும்படி போகும் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைத்த மனுஷர். ரைஸ்னருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்தக் கல்லறையைப் பற்றி 1918இல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் பதில்: அங்கே ஏற்பாடு செய்தார், ஆனால் சூடானில் செத்துப்போனார், இங்கேயே புதைத்துவிட்டார்கள்.

சரி, எப்படிப் புதைத்தார்கள்? ரைஸ்னரின் வர்ணனையே போதும். கட்டிலில் கிடத்துகிறார்கள், வலது பக்கமாக ஒருக்களித்து, கால்களை மடக்கி. மம்மி கிடையாது, பெட்டி கிடையாது. மேட்டின் குறுக்கே ஓடும் நீண்ட நடைவழியில் ஆட்களைச் சேர்த்துப் புதைக்கிறார்கள். கே 10 என்ற மேட்டில் மட்டும் அவர் எண்ணிய பலி எலும்புக்கூடுகள் 322. கைகளால் முகத்தை மூடியவர்கள், ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டவர்கள் என்று ஒவ்வொரு உடலும் கிடந்த நிலையைக் குறித்து, உயிரோடுதான் புதைத்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறார். அந்தப் பக்கங்களை ராத்திரி பதினோரு மணிக்குப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எகிப்தில் அரசனோடு வேலையாட்களைக் கொன்று புதைக்கும் வழக்கம் முதல் வம்சத்தோடு நின்றுபோனது. ஹெப்சேஃபா காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி. படையல் ரொட்டிக்கு ஒப்பந்தம் போட்டவர், தன் உடலைப் பதப்படுத்தாமல், மாட்டுத் தோல் விரித்த கட்டிலில் நூற்றுக்கணக்கான பேரைக் காவு வாங்கிப் படுக்கச் சம்மதித்தார் என்று நம்பச் சொல்கிறார் ரைஸ்னர். அதை எளிதாக விளங்கும் வேறு விதத்தில் சொல்லலாம். படுத்திருந்தவர் கெர்மாக்காரர். கெர்மாவின் ராஜா.

இன்னொன்று. மேடுகளில் கிடைத்த எகிப்தியச் சிலைத் துண்டுகள் எல்லாம் ஒரே காலத்தவை இல்லை. 12ஆம் வம்சத்துக்குப் பிந்தையவையும் உண்டு. கெர்மாவில் கிடைத்த முத்திரைகளில் ஹிக்சோஸ் காலத்துப் பெயர்களும் உண்டு. ஒரு குழியில் வெவ்வேறு காலத்துப் பொருள்கள் கலந்து கிடந்தால், கடைசியாக வந்த பொருளின் காலத்துக்கு முன்னால் அந்தக் குழி மூடப்பட்டிருக்க முடியாது. இது தொல்லியலின் பாலபாடம். ரைஸ்னர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும்கூட. ஹெப்சேஃபா விஷயத்தில் மட்டும் மிகப் பழைய பொருளை வைத்துக் காலம் கணித்தார்.

அந்த ஒரு தேதி தப்பானதும் மீதியெல்லாம் வரிசையாகச் சரிகிறது. கே 3 தான் ஆரம்பம் என்று வைத்ததால், பெரிய மேடுகள் முதலில், சிறியவை பிறகு என்று ஒரு சரிவுக் கதை தேவைப்பட்டது. எகிப்தியர்கள் உள்ளூர் மக்களோடு கலக்கக் கலக்கத் திறமை மங்கியது என்பதே அவர் கண்ட காரணம். உண்மையில் இடுகாடு வடக்கிலிருந்து தெற்காக வளர்ந்தது. வடக்கே இருக்கும் சின்னக் குழிகள்தான் பழையவை. தெற்கின் ராட்சச மேடுகள் ராஜ்ஜியத்தின் உச்சக்காலம், கி.மு. 1700க்குப் பிறகு. படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வளர்ச்சியைப் பார்த்து வீழ்ச்சி என்றார்.

தெஃபுஃபாவும் அப்படித்தான். உள்ளே ஏறக்குறைய முழுக்கச் செங்கல் திணித்த கட்டிடம், ஒரு படிக்கட்டு, சில குறுகிய இடங்கள். வீரர்கள் தங்க இடமில்லாத கோட்டை! 1977இல் ஜெனீவாவிலிருந்து வந்த ஷார்ல் போனே அதைச் சுற்றித் தோண்ட ஆரம்பித்தார். திராட்சைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொழிலைப் படித்துவிட்டுப் பிறகு தொல்லியலுக்கு வந்தவர். (என்னை மாதிரிப் பகுதி நேர ஆசாமிகளுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.) வருஷாவருஷம் வந்து பல பத்தாண்டுகள் தோண்டினார். தனியாக நிற்கும் வியாபாரச் சாவடி என்று ரைஸ்னர் நினைத்ததைச் சுற்றி ஒரு நகரமே கிடந்தது. மதில், அகழி, வீடுகள், அரண்மனை, பெரிய வட்டச் சபை மண்டபம், ரொட்டி அடுப்புகள், வெண்கலம் உருக்கிய உலை. தெஃபுஃபா அதன் கோயில், பல நூற்றாண்டுகளில் இடித்தும் சேர்த்தும் கட்டியது. இடுகாட்டில் ஒரே ஒரு மேட்டின் முன்னால் வரிசையாக வைத்திருந்த மாட்டு மண்டையோடுகள் 4,000க்கு மேல். இது எந்த எகிப்திய ஆளுநர் வீட்டுச் சாவும் இல்லை.

அப்படியானால் சென்னுவி எப்படி அங்கே போனாள்? கொள்ளை. இதற்கு நேரடிச் சாட்சி 2003இல் வெளியே வந்தது. எகிப்தின் எல்-காபில் சோபெக்நக்த் என்ற ஆளுநரின் கல்லறையில், பிரிட்டிஷ் மியூசியத்தின் விவியன் டேவிஸ் குழு ஒரு கல்வெட்டைக் கண்டது. குஷ் நாட்டவர் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு எகிப்துக்குள் புகுந்து தாக்கியதை அது சொல்கிறது. எகிப்து அரசர்கள் தங்கள் கோயில் சுவர்களில் எழுதாத விஷயம். படையோடு வந்தவர்கள் கல்லறைகளிலிருந்தும் கோயில்களிலிருந்தும் சிலைகளைப் பெயர்த்துத் தெற்கே கொண்டுபோய்த் தங்கள் ராஜாவின் மேட்டில் போட்டிருக்கிறார்கள். கூடவே வியாபாரத்தில் கைமாறியவையும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், எகிப்தின் ஆட்சிக்குச் சாட்சி என்று ரைஸ்னர் காட்டிய பொருள், எகிப்து அடிவாங்கியதற்குச் சாட்சியாகிவிட்டது.

2003வரை காத்திருக்கத் தேவையில்லாத தடயங்களும் இருந்தன. தீப்ஸ் அரசன் காமோஸ், வடக்கே அவாரிஸில் ஒருவன், தெற்கே குஷ்ஷில் ஒருவன், நடுவில் நான் என்று புலம்பும் எழுத்துப்பலகையை ஆலன் கார்டினர் 1916இலேயே மொழிபெயர்த்து வெளியிட்டுவிட்டார். எகிப்தின் பாதியை விழுங்கும் அளவுக்கு பயமுறுத்திய ஒரு குஷ் ராஜா எங்கோ இருந்தான். அவன் ஊர் எது, அவன் சமாதி எது என்ற கேள்வியை, ஊரையும் சமாதியையும் தோண்டிக்கொண்டிருந்த ஆளே அழுத்திக் கேட்கவில்லை. ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் யுங்கர் 1920களின் தொடக்கத்திலேயே மறுத்தார். ஸ்வீடனின் சேவ்-சோடர்பெர்க் 1941இல் விரிவாக மறுத்தார். ஆனாலும் ஆளுநர் கதை பொதுப் புத்தகங்களில் பல காலம் ஓடியது. என் கைக்கு வந்த புத்தகம் அவற்றில் ஒன்று.

ரைஸ்னர் சோம்பேறியா, அரைகுறையா? இல்லவே இல்லை. இதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அவர் காலத்தில் அவரைவிடக் கவனமாகத் தோண்டியவர்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு குழிக்கும் எண், வரைபடம், புகைப்படம், நாட்குறிப்பு. குஃப்த் ஊரிலிருந்து வந்த எகிப்தியத் தொழிலாளர்களுக்குப் படம் எடுக்கவும் குறிப்பு எழுதவும் பழக்கி, அவர்கள் அரபியில் எழுதிய நாட்குறிப்புகளையும் சேர்த்து வைத்தார். துப்பறியும் நாவல் என்றால் உயிர், பெரிய சேகரிப்பே வைத்திருந்தார். தடயத்தை மதித்த மனுஷர். இன்றைக்கு அவரை மறுப்பவர்கள் அவருடைய வரைபடங்களை வைத்துத்தான் மறுக்கிறார்கள்.

எங்கள் வேலையில் இது அடிக்கடி நடக்கும். இன்ன இடத்தில்தான் பிழை என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டு லாக் கோப்பைத் திறந்தால், கோப்பு முழுக்க அதையே சொல்கிற மாதிரி தெரியும். ஒரு வாரம் கழித்து ஜூனியர் பையன் வந்து, "சார், இந்த வரியோட நேரம் முன்னாடி நாளோடது இல்ல?" என்பான். ரைஸ்னர் கெர்மாவுக்கு வரும்போதே ஒரு முடிவோடு வந்தார். ஆப்பிரிக்கர்கள் தாமாக ஒரு அரசையோ உயர்ந்த கைத்தொழிலையோ உருவாக்க மாட்டார்கள், எகிப்திலிருந்து வந்தவர்களால்தான் எல்லாம் என்பதை அவர் மறைக்கவில்லை, அச்சிலேயே எழுதியிருக்கிறார். அந்த எண்ணம் அவர் ஒருவருடையது மட்டும் இல்லை, அந்தக் காலத்துப் பல்கலைக்கழகங்களின் பொதுச்சொத்து. அதற்காக விட்டுவிட முடியாது. யுங்கரும் அதே காலத்து ஆள்தான்.

இது ஒருமுறை நடந்த சறுக்கலாகவும் தெரியவில்லை. எல்-குர்ருவிலும் நூரியிலும் எகிப்தை ஆண்ட குஷ் அரசர்களின் பிரமிடுகளைத் தோண்டியதும் அவர்தான். பியாங்கி, தஹர்கா வம்சம். அவர்கள் சமாதிகளின் வளர்ச்சியை, வெறும் மேட்டிலிருந்து பிரமிடு வரை, அழகாக வரிசைப்படுத்தினார். பிறகு, அவர்கள் வம்சமே லிபியாவிலிருந்து வந்தது என்றார். இன்று அதை ஏற்பவர்கள் இல்லை. அதற்கும் முன்னால், 1907இல் தொடங்கிய நூபிய அளவாய்வில் ஏழைக் குழிகளாகப் பார்த்து பி குழு என்று ஒரு தனி, தாழ்ந்துபோன மக்களை உருவாக்கினார். 1966இல் எச்.எஸ். ஸ்மித் அந்தக் குழிகளை மறுபடி பரிசீலித்து, அப்படி ஒரு மக்கள் இல்லை, பெரும்பாலும் ஏ குழுவினரின் எளிய அல்லது சூறையாடப்பட்ட குழிகள்தான் என்று காட்டினார். மூன்று தடவையும் தவறு ஒரே பக்கமாகத்தான் சாய்கிறது. தற்செயலான பிழை என்றால் இரண்டு பக்கமும் விழுந்திருக்கும்.

கெர்மாவின் பானைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் வெள்ளி மாதிரி ஒரு சாம்பல் பட்டை, முட்டை ஓடு போல மெல்லிசு. சக்கரம் இல்லாமல் கையால் செய்தது. எகிப்தில் சக்கரம் இருந்தது, இந்தப் பானை இல்லை. அப்புறமும் கெர்மாவின் கைத்தொழிலை எகிப்தியக் கைவினைஞர்கள் கணக்கில் எழுதினார் ரைஸ்னர்.

இந்தக் கறுப்பு-சிவப்புப் பானையில்தான் நம்மவர்களும் வழுக்குகிறார்கள். அஸ்வான் உயர் அணைக்காக நூபியா மூழ்கவிருந்தபோது யுனெஸ்கோ அழைப்பில் பல நாடுகள் தோண்டப் போயின. இந்தியத் தொல்லியல் துறையும் போனது. 1961-62இல் பி.பி. லால் தலைமையில் அஃப்யே பகுதியில் வேலை செய்தார்கள். தென்னிந்தியப் பெருங்கற்காலப் பானைகளோடு நூபியப் பானைகளுக்கு இருக்கும் ஒற்றுமையை லால் குறிப்பிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு, நூபியர்களும் நாமும் ஒரே குடி என்று இணையத்தில் எத்தனை எழுத்துகள்! பானையை வாய்ப்புறம் கவிழ்த்துச் சூளையில் வைத்தால், காற்றுப் படாத பகுதி கறுக்கும், படுகிற பகுதி சிவக்கும். இரண்டு ஊர்க் குயவர்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடிக்கத் தடையேதும் இல்லை. சிலையை வைத்து ஆளுநரைக் கண்ட ரைஸ்னருக்கும், பானையை வைத்துப் பங்காளியைக் காண்கிற நமக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பெருமைக்காகச் செய்தாலும் நூபியர்களின் சாதனை மறுபடி வேறொருவர் கணக்குக்குப் போகிறது. இதை எழுதினால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

2019இல் பாஸ்டன் அருங்காட்சியகம் தன்னிடம் இருக்கும் நூபியப் பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. ரைஸ்னரின் பார்வைக் கோளாறையும், அதைத் தாங்களே பல வருஷம் சுமந்ததையும் அதில் ஒப்புக்கொண்டார்கள். நல்ல காரியம். சென்னுவியின் குறிப்பில் இப்போது அஸ்யூத்தும் கெர்மாவும் இரண்டும் சரியான உறவோடு வருகின்றன.

அறிக்கையைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: முடிவுரைகளை விட்டுவிட்டு, குழி வாரியான விவரங்களிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் படங்கள், பிறகு பட்டியல், கடைசியில் அவர் என்ன சொல்கிறார் என்பது. நான் தலைகீழாகப் படித்து இரண்டு வாரத்தை வீணாக்கினேன். கே 3 மேட்டின் வரைபடத்தில் நடுவறை தெளிவாக இருக்கிறது. அங்கே கிடத்தப்பட்டிருந்த ராஜாவின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கெர்மாக்காரர்கள் எழுத்து வைத்துக்கொள்ளவில்லை. எகிப்திய எழுத்துகளில் குஷ் அரசர்கள் சிலரின் பெயர்கள் வருகின்றன, புஹெனில் ஒரு கல்வெட்டு நெஜே என்ற பெயரைத் தருகிறது. அதில் எழுதி வைத்தவன் எகிப்திய ஆள், அந்தக் குஷ் ராஜாவிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவன். அந்தக் கல்வெட்டைப் பற்றி அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.